உங்கள் வேலையை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயது. திங்கள்சந்தை பக்கம் ஊர். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். கணவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். துபாயில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் அவருக்கு வேலை வந்திருக்கிறது. மொத்தச் சம்பளம் 9,500 திர்ஹம். மே மாதம் சேர வேண்டும். மகளுக்கு டிசம்பரில் ஐந்து வயது முடிந்தது, யுகேஜி முடித்துவிட்டாள். மகனுக்கு ஒரு வயது நாலு மாதம். "நீ ரிசைன் பண்ணு, ஜூனில் எல்லாருமாகப் போய்விடலாம்" என்கிறார் கணவர். "முதல்ல அவரு தனியா போய்ப் பார்க்கட்டும்" என்கிறாள் அம்மா. என் அப்பா 22 வருஷம் சவுதியில் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்த வாழ்க்கை என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று இருக்கிறது. மாமிக்கு (கணவரின் அம்மா) 68 வயது, சர்க்கரை உண்டு, எங்களோடுதான் இருக்கிறார். நாத்தனாரைக் கருங்கலில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஏஜென்ட் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஆஃபர் லெட்டர் நகல் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சிக்கு,

மூன்று பக்கக் கடிதத்தில் பாதியைத்தான் மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். கணவர் சம்பளம், மகளின் பள்ளிக்கூடம், மாமியின் சர்க்கரை, ஏஜென்ட்டின் கமிஷன் எல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேலையைப் பற்றி மட்டும் ஒரே வரி: "நான் ரிசைன் செய்ய வேண்டியிருக்கும்." அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. வீட்டுச் சாமான்களில் எதை விற்றுவிட்டுப் போவது என்று பட்டியல் போடும்போது, பழைய பீரோவுக்குப் பக்கத்தில் ஏழு வருஷ நர்ஸ் வேலையையும் எழுதி வைத்ததுபோல் இருந்தது. நான் முக்கியமாகப் பேச வேண்டியது அதைத்தான். அதற்கு முன் தலைக்கு மேல் தொங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, அந்த ஏஜென்ட்.

இந்தியாவில் பதிவு பெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட், வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 35,400. ஒன்றேகால் லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பக்கம் அமீரகத்தின் 2021-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்கிறது. ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. நம்பரைக் கேட்டதும் முகம் மாறினால் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விசிட் விசா யோசனை அதைவிட மோசம். விசிட் விசாவில் இருந்துகொண்டு அங்கே வேலை செய்வது குற்றம். "மாற்றித் தருகிறோம்" என்று சொல்லி இரண்டு மாதம் வேலை வாங்கிக்கொண்டு, சம்பளமும் தராமல் விசாவும் தராமல் விட்ட கதைகள் குளச்சலிலிருந்து களியக்காவிளை வரை ஊருக்கு நாலு இருக்கும். உங்கள் கணவர் டிகிரி படித்தவர் என்பதால் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (வேலைக்கு வெளிநாடு போக அரசு தரும் அனுமதி) தேவைப்படாத பாஸ்போர்ட்டாகத்தான் இருக்கும். ஆகவே அவரை வழியில் நிறுத்திக் கேட்க ஆளில்லை. அந்தச் சௌகரியத்தைத்தான் ஏஜென்ட் தனக்குச் சாதகமாக்கப் பார்க்கிறார். கம்பெனி உண்மையானது என்றால் அங்குள்ள மனிதவள அமைச்சகம் வழியாக ஆஃபர் லெட்டர் வரும், அதில் கையெழுத்தான பிறகு வேலைக்கான என்ட்ரி பெர்மிட் வரும். அது கையில் வந்த பிறகுதான் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு டாக்சி பேச வேண்டும்.

எல்லாரும் ஒன்றாகப் போவதா, அவர் முதலில் போவதா என்று வீட்டில் நடக்கும் சண்டையைப் பாதி அந்த ஊர்ச் சட்டமே தீர்த்துவைத்துவிடுகிறது. அவர் போய் இறங்கி, மெடிக்கல் முடித்து, எமிரேட்ஸ் ஐடியும் ரெசிடன்ஸ் விசாவும் கையில் வந்து, வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகுதான் (துபாயில் அந்தப் பதிவுக்கு இஜாரி என்று பெயர்) உங்களையும் பிள்ளைகளையும் அவர் ஸ்பான்சர் செய்ய முடியும். "ஜூனில் எல்லாருமாக" என்று அவர் சொல்வது நடக்க வேண்டுமானால் நீங்கள் விசிட் விசாவில் போய், கைக்குழந்தையோடு ஏதாவது ஒரு ஷேரிங் ரூமில் காத்திருக்க வேண்டியிருக்கும். அது வேண்டாம்.

என் யோசனை: அவர் மே மாதம் போகட்டும். நீங்கள் மூன்றுபேரும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போங்கள். நடுவில் நாலு மாதம். அப்பாவின் 22 வருஷத்தை மனசில் வைத்துக்கொண்டு இந்த நாலு மாதத்தைப் பார்க்காதீர்கள். அப்பா பிரிந்திருந்ததற்குத் தேதி கிடையாது, இதற்கு உண்டு. டிக்கெட்டே இப்போது போட்டுவிடலாம்.

ஏன் செப்டம்பர்? முதலாவது வெயில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே வெளியில் வேலை செய்ய அங்கே அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. பெரிய ஆட்களுக்கே அந்த நிலை. தோப்பிலும் முற்றத்திலும் ஓடித் திரிந்த உங்கள் மகனை அந்த மூன்று மாதமும் ஏசி ரூமுக்குள் அடைத்துப் போட்டால், நீங்களும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும். இரண்டாவது பள்ளிக்கூடம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே ஏப்ரலில் தொடங்கும், ஜூலையும் ஆகஸ்டும் லீவு. ஜூனில் போய் இறங்கினால் மகள் சில நாள் போவாள், பிறகு இரண்டு மாதம் வீட்டில் இருப்பாள்.

மகளைப் பற்றி வீட்டில் இப்போதே சொல்லி வைக்க வேண்டிய ஒன்று உண்டு. இல்லாவிட்டால் பின்னால் பெரிய பஞ்சாயத்தாகும். நம் ஊரில் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. துபாயில் ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் மார்ச் 31-க்குள் ஆறு முடிந்தால்தான் கிரேடு ஒன்று, ஐந்து முடிந்தால் கேஜி இரண்டு. டிசம்பரில் ஐந்து முடிந்த உங்கள் மகளை அங்கே கேஜி இரண்டில்தான் சேர்ப்பார்கள். அதாவது நம் கணக்குக்கு மறுபடியும் யுகேஜி. "பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சே" என்று உங்கள் அம்மா ஆரம்பிப்பார், மாமியும் கூடச் சேருவார். ஒன்றும் போகவில்லை. புது ஊர், புது வீடு, புது மொழிகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும் வருஷத்தில் பாடமும் எளிதாக இருப்பது பிள்ளைக்கு நல்லதுதான். நடுவில் சேர்வதால் பெரிய நஷ்டமும் இல்லை. ஜூனில் இங்கேயே பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் உட்காரட்டும், வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். துபாய்ப் பள்ளிகளின் கட்டணத்தை அங்குள்ள கல்வி ஆணையமான கேஹெச்டிஏ தன் தளத்திலேயே பள்ளிவாரியாகப் போட்டிருக்கிறது. கணவர் சேர்ந்த வாரமே நாலு பள்ளிகளைக் குறித்துக்கொண்டு சீட் கேட்டு வைக்கட்டும். பஸ் கட்டணம் தனி. அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

இனி ஆஃபர் லெட்டருக்கு வருகிறேன். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் 12 வருஷம் ஹெச்ஆர் பிரிவில் இந்த மாதிரி லெட்டர்களை அடித்துக் கொடுத்தவன் என்பதால் எனக்கு முதலில் கண் போகும் இடம் வேறு. 9,500 என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 3,800, ஹவுசிங் 3,000, டிரான்ஸ்போர்ட் 1,000, மற்றவை 1,700. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். ஆக ஒரு வருஷத்துக்கு 2,660 திர்ஹம். 9,500-ஐ வைத்து உங்கள் கணவர் மனக்கணக்கு போட்டிருந்தால் 6,650 வந்திருக்கும். கையெழுத்துக்கு முன் பேசிக்கைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மொத்தத்தை மாற்றாமல் உள்ளே மட்டும் மாற்றச் சொன்னால் சில கம்பெனிகள் சம்மதிக்கும்.

லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, உங்கள் கணவர் கவனித்தாரா தெரியவில்லை: "ஸ்டேட்டஸ்: சிங்கிள்." அவர் கல்யாணம் ஆகாதவர் என்று அதற்கு அர்த்தமில்லை. டிக்கெட்டும் மெடிக்கல் இன்சூரன்சும் அவருக்கு மட்டும்தான், குடும்பத்துக்குக் கம்பெனி ஒன்றும் தராது என்று அர்த்தம். நான் முதன்முதலில் போனபோது இன்டர்வியூவில் வாய்வார்த்தையாக "ஃபேமிலி ஸ்டேட்டஸ்தான்" என்றார்கள். அங்கே போய்ப் பார்த்தால் காகிதத்தில் சிங்கிள். கேட்டதற்கு "அப்படி யார் சொன்னது?" என்றார்கள். சொன்னவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். ஆகவே எதைப் பேசினாலும் மெயிலில் வாங்குங்கள். துபாயில் தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் எடுப்பது கம்பெனி பொறுப்பு, மனைவி மக்களுக்கு எடுப்பது ஸ்பான்சர் செய்கிறவர் பொறுப்பு. அபுதாபி என்றால் மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கும் கம்பெனியே எடுக்க வேண்டும். உங்களுக்கு வாய்த்தது துபாய், அதனால் மூன்று பேருக்கான பிரீமியத்தையும் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணக்கு என்றால் முதலில் வாடகை. வருஷ வாடகை 60,000 திர்ஹம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அங்கே மாதாமாதம் வாடகை கொடுப்பது குறைவு. வருஷத்துக்கு நாலு செக், இரண்டு செக் என்று முன்தேதியிட்டு வாங்கிக்கொள்வார்கள். நாலு செக் என்றால் முதல் செக் 15,000. வீட்டுக்காரருக்கு டெபாசிட் 5 சதவீதம், 3,000. புரோக்கருக்கு இன்னொரு 5 சதவீதம், 3,000. கரண்டும் தண்ணீரும் தரும் தேவாவில் ஃபிளாட்டுக்கு டெபாசிட் 2,000. அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழும் முன்பே 23,000 திர்ஹம் கையை விட்டுப் போய்விடுகிறது. படுக்கப் பாய் வாங்கவில்லை, அடுப்பு வாங்கவில்லை. இதுவே ஏறக்குறைய அவரின் இரண்டரை மாதச் சம்பளம். பிறகு வாடகையில் 5 சதவீதம் ஹவுசிங் ஃபீ என்று தேவா பில்லோடு மாதாமாதம் வரும், 250 திர்ஹம். வாடகைக்கு மாதம் 5,000 ஒதுக்கினால் மிச்சம் 4,500. அதில்தான் பள்ளிக்கூடம், பஸ், இன்சூரன்ஸ், சாப்பாடு, போன், மாமிக்கு அனுப்ப வேண்டியது எல்லாம். ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் ரோட்டில் நிற்கும் நேரத்தையும் அந்த வாடகையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மாலையில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து சேரும் அப்பாவுக்கும், சவுதியிலிருந்து வரும் அப்பாவுக்கும் பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருக்காது.

இந்த நாலு மாதமும் அவர் கராமாவிலோ அல் குசைசிலோ ஒரு பெட் ஸ்பேஸில் (பலர் பங்கிடும் ரூமில் ஒரு கட்டில்) தங்கினால் அந்த 23,000-இல் பெரும்பகுதியைச் சேர்த்துவிடலாம். தங்கநகைக் கடனுக்குப் போக வேண்டாம். புரொபேஷன் ஆறு மாதம் வரை வைக்கலாம் என்பதையும், அந்தக் காலத்தில் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பதையும் மறக்காதீர்கள். வேலை போனால் உதவ அங்கே கட்டாயக் காப்பீடு ஒன்று உண்டு. அவர் சம்பளத்துக்கு மாதம் ஐந்து திர்ஹம்தான். ஆனால் 12 மாதம் கட்டிய பிறகுதான் பலன். முதல் வருஷம் உங்கள் காப்பீடு நீங்கள்தான். நான் உங்கள் வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்.

9,500 திர்ஹத்தில் நாலு பேர் துபாயில் வாழ முடியும். மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சம் பிடிக்கத்தானே போகிறீர்கள்? இரண்டாவது சம்பளம் ஒன்று வந்தால்தான் இந்தப் பயணத்துக்குக் கணக்கு நேராகும். அந்தச் சம்பளத்துக்குத் தகுதி உள்ள ஆள் வீட்டிலேயே இருக்கிறார். அவரைத்தான் ரிசைன் பண்ணச் சொல்கிறார்கள்.

கணவர் விசாவில் இருக்கிற மனைவி அங்கே வேலை செய்யலாம். வேலை தரும் ஆஸ்பத்திரி வொர்க் பெர்மிட் எடுத்தால் போதும். ஆனால் நர்ஸுக்கு லைசென்ஸ் வேண்டும். துபாய் என்றால் டிஹெச்ஏ என்ற சுகாதார ஆணையம், அபுதாபி என்றால் சுகாதாரத் துறை, ஷார்ஜா முதலான வடக்கு எமிரேட்டுகளுக்குச் சுகாதார அமைச்சகம். முதலில் டேட்டாஃப்ளோ: உங்கள் டிகிரி, கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ் மூன்றையும் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பார்கள். பிறகு ப்ரோமெட்ரிக் என்கிற, கம்ப்யூட்டரில் எழுதும் லைசென்ஸ் பரீட்சை. அதை இந்தியாவிலிருந்தே எழுதலாம். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்து நர்ஸ்கள் பலர் வழியாகப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் பிள்ளை சின்னது, இந்த வருஷம் பிரசவம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகும். வேலையில் இடைவெளி நீண்டுவிட்டால் மறுபடி பயிற்சி எடு, அனுபவம் காட்டு என்பார்கள். பத்து வருஷம் ஐசியு பார்த்தவர் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் அவருக்கு விருப்பம் என்றால் சரி, அது வேறு. விருப்பம் கேட்கப்படாமலே அப்படி ஆவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். போன உடனே நீங்கள் வேலைக்குப் போய்விட முடியாது. ஷிப்ட் வேலை, மகனுக்கு ஒன்றரை வயது, பார்த்துக்கொள்ள மாமியும் அம்மாவும் பக்கத்தில் இல்லை. நர்சரிக்குக் கொடுக்கும் பணமும் உங்கள் சம்பளமும் முதல் வருஷம் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றலாம். ஆகவே முதல் ஆறு மாதம் வீடு, பிறகு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் மட்டும் அந்த ஆறு மாதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. மே முதல் ஆகஸ்ட் வரை அவர் அங்கே வீடு தேடும் நேரத்தில் நீங்கள் இங்கே டேட்டாஃப்ளோவை முடித்து, பரீட்சையும் எழுதிவிட்டால் விமானம் ஏறும்போது கையில் ஒரு தகுதி இருக்கும். படிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நைட் டூட்டியில் மூன்று மணிக்கு வார்டு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று என்னிடம் வந்த ஒரு நர்ஸ் சொன்னார். அவர் அப்படித்தான் பாஸ் ஆனார்.

அதனால் இப்போது ரிசைன் பண்ணாதீர்கள். ஜூலையில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். கொடுக்கும் முன் சில காகிதங்களை வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் நோட்டீஸ் கொடுத்த மறுநாள் ஆபீசில் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, பதவி, எந்த வார்டு, ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, முழுநேரமா என்பதெல்லாம் வர வேண்டும். "இவர் நல்ல நடத்தையுள்ளவர்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு (உங்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்வது) விண்ணப்பியுங்கள், பதிவு புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்திருந்தால் இப்போதே ஏதாவது காரணம் சொல்லித் திரும்ப வாங்குங்கள். ஏழு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு இங்கேயும் பணிக்கொடை உண்டு, ஐந்து வருஷம் தாண்டினாலே உரிமை வந்துவிடும். கடைசி அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து ஏழால் பெருக்குங்கள். 60,577 ரூபாய் வரும். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

காகிதம் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. என் மனைவியை அழைத்துக்கொள்ள அல் குசைசில் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். என் மாமனார் பெயர் 'ஞா'வில் தொடங்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அதற்கு 'ஜி' போட்டிருந்தது. கல்யாணச் சான்றிதழில் 'என்' போட்டிருந்தது. ஞாவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வழி என்பதை அங்கே டைப் அடித்த பையனுக்கு எப்படி விளக்குவது? "இது வேறு பெண்" என்றான். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்துக்கு நகர்த்திக் காட்டினான். அந்த ஓர் எழுத்தைத் திருத்தி, மறுபடி சென்னை, டெல்லி, தூதரகம் என்று முத்திரை வாங்கி முடிக்க நாலு மாதம் ஆயிற்று.

அதனால் இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு எல்லாக் காகிதத்தையும் கட்டிலில் பரப்பி வையுங்கள். உங்கள் பெயர், கணவர் பெயர், அப்பாக்கள் பெயர், இன்ஷியலும் விரிவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். கோயிலிலோ சர்ச்சிலோ கல்யாணம் நடந்திருந்தாலும் 2009-ஆம் வருஷத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ்தான் மேற்கொண்டு முத்திரைக்கு உதவும். மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா? நம் ஊரில் "ஆண் குழந்தை" என்று மட்டும் போட்டு வாங்கிய காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பாதிப்பேர். ஒரு வயதுக்குள் என்றால் இலவசம், அவனுக்குப் பதினாறு மாதம் ஆகிவிட்டதால் சிறிய தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதில் சர்நேம் கட்டத்தை வெறுமனே விடாதீர்கள், அப்பா பெயரைப் போடுங்கள். 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அமீரகம் தடுக்கிறது. பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் விடுகிறார்கள் என்றாலும், ஏர்லைன் கவுன்டரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாதாட வேண்டிய அவசியம் என்ன? கல்யாண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போனதும் அவர்களின் வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். வேலைக்கு ஆகும் என்பதால் உங்கள் நர்சிங் டிகிரியையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். தனியாக இன்னொரு முறை அலைய வேண்டாம்.

மாமியைப் பற்றி நீங்கள் கடைசியாக எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் கனமாக இருந்தது. இந்தச் சம்பளத்தில் அவரை அங்கே ஸ்பான்சர் செய்ய வழியில்லை. "நாத்தனார் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். நாத்தனாரிடம் கேட்டீர்களா? கருங்கலிலிருந்து வாரத்துக்கு எத்தனை நாள் வருவார், ராத்திரி துணைக்கு யார், இன்சுலின் போடுவது யார்? இத்தனை நாள் ஊசி போட்டது நர்ஸ் மருமகள். மாமிக்குத் தானே போட்டுக்கொள்ளவோ சர்க்கரை பார்க்கும் மெஷினில் எண்ணைப் படிக்கவோ தெரியுமா என்பதை இந்த நாலு மாதத்தில்தான் பார்க்க முடியும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவரே செய்து பழகட்டும். நாத்தனாருக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். கூடப்பிறந்தவளுக்குக் காசா என்று கணவர் கூச்சப்படுவார். கூச்சப்பட்டாலும் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பேச்சு ஆறாவது மாதம் போனில் வேறு குரலில் வரும். நம் நேரத்துக்கு துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். மாமி ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடும்போது அங்கே ஏழு. பிள்ளைகள் விழித்திருப்பார்கள். அந்த நேரத்தை வீடியோ காலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமெல்லாம் சில்லறை. கணவர் மே மாதம் போவதால் இந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகவே இருப்பார், துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி வராது. அவருடைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும், அங்கிருந்து பணம் அனுப்ப என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும்) கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். மகள் பெயரில் செல்வமகள் கணக்கு இருந்தால் போகும் முன் போஸ்ட் ஆபீசில் பேசுங்கள். ஆதாரிலும் பேங்கிலும் பிஎஃப்பிலும் கொடுத்திருக்கும் சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வையுங்கள், ஓடிபி வராமல் எத்தனையோ பேர் திண்டாடுகிறார்கள். மகனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டர் ஊசிகளை இங்கேயே போட்டு அட்டையில் குறித்து வாங்குங்கள், நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். கணவருக்கோ உங்களுக்கோ எப்போதாவது காசநோய் வந்து குணமாகியிருந்தால் இங்கேயே ஒருமுறை எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டுப் போவது நல்லது.

பெட்டி கட்டும்போது ஏத்தங்காய்ச் சிப்ஸும் அரிசிமாவும் என்று அடைக்காதீர்கள். அதெல்லாம் அங்கே மலையாளிக் கடையில் கிடைக்கும். மகனுக்குக் கொடுக்கும் மட்டிப் பழம் மட்டும் கிடைக்குமா என்பது சந்தேகம், அதற்கு இப்போதிருந்தே அவனை வேறு பழத்துக்குப் பழக்குங்கள். மாமி இறைச்சி மசாலாப் பொடி அரைத்துத் தருவார் என்று எழுதியிருந்தீர்கள். அதில் கசகசா சேர்ப்பாரா என்று கேளுங்கள். அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் வருகிறது, ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிடுவார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். பொடியை அரைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அரைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்த பிறகு வேண்டாம் என்றால் மாமிக்கு வருத்தமாகப் போய்விடும்.